தொலேதோவில் ஒரு நாள்: நண்பர்களோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்பெயினின் பழைய தலைநகரான தொலேதோவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் மாட்ரிட்டிலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்பிய பயணங்கள்தான். முதல் முறை நாங்கள் ஐந்து பேர். பதினொரு இடங்களை வரிசையாக எழுதிய ஒரு தாள் என் கையில் இருந்தது. மாலை நான்கு மணிக்குள் எட்டு இடங்களை முடித்துவிட்டோம். ஆனால் ஐந்து பேரில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். எந்தத் தேவாலயத்தில் எதைப் பார்த்தோம் என்பதும் அன்று இரவே எங்களுக்குக் குழம்பிவிட்டது. மூன்றாவது முறை நான்கே இடங்களுக்குப் போனோம். அந்த நாள் இன்றும் எனக்குக் கல் கல்லாக நினைவிருக்கிறது. ஸ்பெயினுக்கு வரும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

தொலேதோ எங்கே இருக்கிறது? ஒரே நாளில் போய்வர முடியுமா?

மாட்ரிட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தாராளமாகப் போய்வரலாம். தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓட, நடுவில் ஒரு பாறைக் குன்று. அந்தக் குன்றின் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது ஊர். கோட்டை கட்ட இடம் தேடுகிறவன் இதைப் பார்த்தால் வேறு இடம் தேடமாட்டான். ரோமானியர்கள் இங்கே இருந்தார்கள். ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட ஜெர்மானிய இனத்தாரான விசிகோத் அரசர்கள் இதைத் தலைநகராக்கினார்கள். 711-இல் முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் வந்தபின் முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் முஸ்லிம் ஆட்சி. 1085-இல் ஆறாம் அல்போன்சோ கைப்பற்றியபின் கிறிஸ்தவ ஆட்சி. 1561-இல் இரண்டாம் பிலிப் மன்னர் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொண்டார். அதன்பின் இந்த ஊர் பெரிதாக வளரவில்லை. பழைய தெருக்கள் இடிபடாமல் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1986-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ரயிலில் போவதா, பஸ்ஸில் போவதா?

ரயில்தான். மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்திலிருந்து கிளம்பும் அவாந்த் அதிவேக ரயில் சுமார் 33 நிமிடங்களில் கொண்டுபோய் இறக்கிவிடும். பிளாசா எலிப்திகா மெட்ரோ நிலையத்தோடு சேர்ந்த பஸ் நிலையத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு, கட்டணம் குறைவு. ஆனால் நேராகப் போகும் பஸ்ஸே ஒரு மணி நேரம் எடுக்கும். வழியில் ஊர் ஊராக நிற்கும் பஸ் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் பயணத்தில் அந்த நேரம் பெரிய விலை.

ரயிலைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் இருக்கைகள் முன்னதாகவே தீர்ந்துவிடும். போகவும் வரவும் டிக்கெட்டைச் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அடுத்து, அதோச்சாவில் விமான நிலையம்போல் பைகளை ஸ்கேன் செய்வார்கள். ரயில் கிளம்புவதற்குச் சில நிமிடங்கள் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். ஒருவர் காப்பி வாங்கப் போய்விட்டு வந்தால் ஐந்து பேரும் நடைமேடைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். இரண்டாவது பயணத்தில் எங்களுக்கு அது நேர்ந்தது.

இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். தொலேதோ ரயில் நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம். 1919-இல் திறந்தது. செங்கல்லும் குதிரைலாட வளைவும் வண்ணக் கண்ணாடியும் மர வேலைப்பாடுகொண்ட கூரையுமாக, பழைய முதேஹார் பாணியில் கட்டியிருக்கிறார்கள். கிறிஸ்தவ அரசர்களின் ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம்களை முதேஹார் என்பார்கள்; அவர்கள் கைவண்ணத்துக்கும் அதே பெயர். அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் தேவைப்படும்.

நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு எப்படி ஏறுவது?

நடந்து போனால் இருபது இருபத்தைந்து நிமிடம். நகரப் பஸ்ஸும் டாக்சியும் உண்டு. கால் நன்றாக இருப்பவர்கள் முதல் முறை நடந்தே போக வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. ஏனென்றால் அப்போதுதான் அல்காந்தாரா பாலத்தின் வழியாக ஊருக்குள் நுழைவீர்கள். ரோமானியர் போட்ட அடித்தளம், அரபுக்காரர்களும் பின்னர் வந்த கிறிஸ்தவ அரசர்களும் மீண்டும் மீண்டும் எடுத்துக் கட்டிய வளைவுகள். 'அல்-கந்தரா' என்றால் அரபியில் 'பாலம்'. அதாவது இதன் பெயருக்குப் 'பாலம் பாலம்' என்றுதான் பொருள். ஆட்சி மாறியது, மொழி மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊரின் நடு மைதானமான சொகோதோவேரும் அப்படித்தான். கால்நடைச் சந்தை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

ஏற முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மலைச்சரிவைக் குடைந்து நகரும் படிக்கட்டுகள் அமைத்திருக்கிறார்கள். ஒன்று பிசாக்ரா வாயிலுக்கு அருகே மதிலோரம் இருக்கிறது. இன்னொன்று பஸ் நிலையத்தின் பக்கமிருந்து மேலே போகிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

எந்த மாதம், எந்தக் கிழமை நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். சில நாட்களில் 40-ஐத் தொடும். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள்கூட அந்த வறண்ட அனலில் கல் தெருக்களில் ஏறி இறங்கினால் சோர்ந்துவிடுவார்கள். குளிர்காலக் காலைகளில் உறைநிலைக்கு அருகே போகும்.

திங்கட்கிழமையைத் தவிருங்கள், யூத அருங்காட்சியகமும் எல் கிரேக்கோ அருங்காட்சியகமும் அன்று மூடியிருக்கும். ஈஸ்டருக்குப் பின் அறுபதாம் நாள் வியாழக்கிழமை கார்ப்பஸ் கிறிஸ்டி விழா. தெருக்களின் குறுக்கே மேலே துணிப் பந்தல் கட்டி, தரையில் மணமிக்க காட்டுத் தழைகளைப் பரப்பி, நற்கருணை அப்பத்தை வைக்கும் கதீட்ரலின் பெரிய கதிர்ப்பாத்திரத்தை ஊர்வலமாக எடுத்துவருவார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே போனால் போங்கள். ஊரைப் பார்க்க அது நாளல்ல.

ஒரு நாளில் எத்தனை இடங்களைப் பார்க்கலாம்?

நான்கு. என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் இதே பதில்தான், பலருக்கு ஏமாற்றமும்தான். கதீட்ரல், சாந்தோ தோமே தேவாலயத்தின் ஓவியம், ஏதாவது ஒரு யூத ஆலயம், கிறிஸ்தோ தெ லா லூஸ் பள்ளிவாசல். இவற்றுக்கு நடுவே வழி தவறித் தெருக்களில் அலைய ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வழி நிச்சயம் தவறும். தெருக்கள் இரண்டு பேர் கைகோத்துப் போக முடியாத அளவுக்கு ஒடுங்குகின்றன. கைபேசி வரைபடம் அங்கே அடிக்கடி தடுமாறும்.

'புல்செரா' என்ற பெயரில் மணிக்கட்டுப் பட்டை ஒன்று விற்கிறார்கள். சாந்தோ தோமே, சான்டா மரியா லா பிளாங்கா, கிறிஸ்தோ தெ லா லூஸ், சான் ஹுவான் தெ லோஸ் ரேயெஸ் மடம் உட்பட ஏழு இடங்களுக்கு அது ஒன்றே போதும். மூன்று இடங்களுக்கு மேல் போவதாக இருந்தால் லாபம். கதீட்ரல் அதில் சேராது. பட்டை வாங்கிவிட்டோம் என்பதற்காக ஏழையும் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பாதீர்கள். எங்கள் முதல் பயணம் கெட்டது அந்தக் கணக்கில்தான்.

கதீட்ரலில் எதைப் பார்ப்பது? உள்ளே எல்லாமே தங்கமாக இருக்கிறதே?

1226-இல் கட்டத் தொடங்கி 1493-இல் முடித்தார்கள். விசிகோத் காலத்துத் தேவாலயம் இருந்த இடத்தில் ஊரின் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. அந்த இடத்தில் இது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கண் அடைத்துவிடும். நான் மூன்று இடங்களில் நிற்பேன்.

முதலாவது, பாடகர் குழு அமரும் இருக்கைகள். கீழ் வரிசையில் ரோத்ரிகோ அலெமான் என்ற சிற்பி ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசைக் கிறிஸ்தவ அரசர்கள் வென்ற கிரானடா போரின் 54 காட்சிகளை மரத்தில் செதுக்கியிருக்கிறார். போர் நடந்துகொண்டிருந்தபோதே செதுக்கத் தொடங்கினார். அன்றைய செய்தியை மரத்தில் படிக்கலாம்.

இரண்டாவது, 'திரான்ஸ்பரென்தே'. பலிபீடத்தின் பின்புறம் இருண்டிருந்தது. வெளிச்சம் வேண்டும் என்பதற்காக நார்சிசோ தோமே என்பவர் எதிரே இருந்த கூரையையே வெட்டித் திறந்தார். 1732-இல் வேலை முடிந்தது. ஐந்நூறு ஆண்டுப் பழமையான வளைவுக் கூரையைத் துளைக்க எத்தனை துணிவு வேண்டும்! மேலே பார்த்தால் அந்த ஓட்டையின் விளிம்பெல்லாம் தேவதைகளும் மேகங்களும் வழிகின்றன; வெயில் அவற்றினூடே நழுவிக் கீழே பளிங்கின் மேல் விழுகிறது. மேகமூட்டமான நாளில் ஒருமுறையும் வெயில் நாளில் ஒருமுறையும் பார்த்தேன். வெயில் நாளில் பாருங்கள்.

மூன்றாவது, தலைக்கு மேல் தொங்கும் சிவப்புத் தொப்பிகள். கர்தினால்களைப் புதைத்த இடத்துக்கு நேர் மேலே அவரவர் தொப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூல் இற்று அதுவாக விழும்வரை யாரும் தொடமாட்டார்கள். எங்களோடு வந்த தோழி ஒருத்தி, கதீட்ரலின் அத்தனை தங்கத்தையும் மறந்துவிட்டாள். இந்தத் தொப்பிகளை மட்டும் இன்றும் பேசுகிறாள்.

ஒரே ஓர் ஓவியத்துக்காக டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்க வேண்டுமா?

நிற்க வேண்டும். அந்த ஓவியத்தின் பெயர் 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்'. வரைந்தவர் எல் கிரேக்கோ. 'கிரேக்கன்' என்பது ஊரார் வைத்த பெயர். கிரீட் தீவில் 1541-இல் பிறந்த தொமெனிகோஸ் தியோதோகோபூலோஸ் என்பதே இயற்பெயர். வெனிசிலும் ரோமிலும் இருந்துவிட்டு 1577-இல் தொலேதோவுக்கு வந்தார். 1614-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். கடைசிவரை தன் பெயரைக் கிரேக்க எழுத்தில்தான் கையெழுத்திட்டார். பிறந்த மண்ணை விட்டு வேறு ஊரில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கையெழுத்து ஏதோ சொல்லும்.

கதை இது. ஓர்காஸ் ஊரின் பிரபு 1323-இல் இறந்தபோது, அவருடைய அறச்செயல்களுக்குப் பலனாகப் புனித அகஸ்டினும் புனித ஸ்டீபனும் வானிலிருந்து இறங்கித் தங்கள் கையாலேயே அவரை அடக்கம் செய்தார்கள் என்பது நம்பிக்கை. தன் ஊரார் சாந்தோ தோமேவுக்கு ஆண்டுதோறும் காணிக்கை தர வேண்டும் என்று அவர் உயில் எழுதியிருந்தார். இருநூறு ஆண்டு கழித்து ஊரார் தர மறுத்தார்கள். பங்குத் தந்தை வழக்குப் போட்டு 1570-இல் வென்றார். அந்த வெற்றியின் தொடர்ச்சியாகத்தான் 1586-இல் இந்த ஓவியத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வரைந்து முடித்தபின் கூலியிலும் வழக்கு! மதிப்பிட்டவர்கள் 1,200 துகாத் (அன்றைய நாணயம்) என்றார்கள். அதிகம் என்று தேவாலயம் முறையிட்டது. இரண்டாவது குழு 1,600 என்றது. கடைசியில் 1,200-க்கே ஓவியர் இணங்கினார்.

ஓவியம் கிட்டத்தட்ட 4.8 மீட்டர் உயரம், 3.6 மீட்டர் அகலம். கீழ்ப்பாதியில் மண்ணுலகம், மேற்பாதியில் விண்ணுலகம். கூட்டம் நகரும்வரை இடப்பக்க ஓரத்தில் காத்திருந்து கீழே நிற்கும் சிறுவனைப் பாருங்கள். அவன் ஓவியரின் மகன் ஹோர்ஹே மனுவேல். ஒரு விரலால் அடக்கத்தைச் சுட்டிக்காட்டியபடி நம்மையே பார்க்கிறான். அவன் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை ஒன்று எட்டிப்பார்க்கும். அதில்தான் கையெழுத்தும், 1578 என்ற ஆண்டும். அது மகன் பிறந்த ஆண்டு. அடுத்து வலப்பக்கம், நமக்கு முதுகுகாட்டி நிற்கும் பாதிரியார்: கறுப்பு அங்கியின் மேல் ஒரு மெல்லிய வெள்ளை உடை, அதன் வழியே கறுப்பு தெரிகிறது. வெறும் சாயத்தால் மஸ்லின்போல் ஒரு துணியை நெய்திருக்கிறார். அதன் எதிரே நான் இருபது நிமிடம் நின்றேன். என்னை அவசரப்படுத்தாத நண்பர்களுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

'மூன்று பண்பாடுகளின் நகரம்' என்கிறார்களே, மூன்று மதத்தாரும் ஒற்றுமையாக வாழ்ந்தது உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு போவதுதான் அந்த மக்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

கிறிஸ்தோ தெ லா லூஸிலிருந்து தொடங்குங்கள். 999-இல் கட்டிய சின்னஞ்சிறு பள்ளிவாசல்; ஒரு பெரிய கூடத்தின் அளவுகூட இல்லை. நான்கு தூண்கள், ஒன்பது கட்டங்கள், ஒன்பது கூரைக் குவிவுகள். கழுத்தை நிமிர்த்தி ஒவ்வொன்றாகப் பாருங்கள்: ஒன்பதில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. முகப்பில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கி, கட்டிய ஆண்டையும் கட்டியவரின் பெயரையும் அரபியில் பொறித்திருக்கிறார்கள். பின்னர் இதைத் தேவாலயமாக்கியபோது இடிக்கவில்லை. பின்பக்கம் ஓர் அரைவட்ட அறையைச் சேர்த்தார்கள். அதையும் முதேஹார் கைகளே கட்டின.

அடுத்து சான்டா மரியா லா பிளாங்கா. பெயர் கன்னி மரியாளுடையது. கட்டியது யூதர்களின் தொழுகைக்கு. உள்ளே நின்றால் பள்ளிவாசலோ என்று தோன்றும். சுண்ணாம்பு பூசிய எண்கோணத் தூண்கள், மேலே குதிரைலாட வளைவுகள், ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை வெள்ளையாக. தூண்களின் உச்சியில் பைன் காய்களும் சுருள்களும். இவ்வளவு அமைதியான இடத்துக்கு உள்ள வரலாறு அமைதியானதல்ல. 1391-இல் ஸ்பெயின் முழுவதும் யூதர்களைக் கொன்று குவித்தபோது தொலேதோவும் தப்பவில்லை. அடுத்த தலைமுறைக்குள் இந்த ஆலயம் தேவாலயமாகிவிட்டது. 1449-இல் இதே ஊரில்தான், மதம் மாறிய யூதர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பதவி வகிக்கக் கூடாது என்று 'இரத்தத் தூய்மை'ச் சட்டம் போட்டார்கள். பிறப்பைக் காட்டி ஒருவனை விலக்கிவைப்பது என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல் திரான்சித்தோ இன்னொரு யூத ஆலயம்; இப்போது யூத அருங்காட்சியகம். காஸ்டில் நாட்டு அரசர் பேதுருவின் கருவூலத் தலைவராக இருந்த சாமுவேல் ஹா-லேவி 1350-களில் கட்டினார். சுவரின் மேற்பகுதி முழுவதும் சுதையில் எபிரேய வரிகள். நடுவே அரசரின் சின்னமும் உண்டு. பூவேலைக்குள் அரபு எழுத்தும் உண்டு. சில ஆண்டுகளில் அதே அரசர் சாமுவேலைச் சிறையிலடைத்து வதைத்தார். அங்கேயே அவர் இறந்தார். 1492-இல் மதம் மாறாத யூதர்கள் அனைவரையும் ஸ்பெயின் வெளியேற்றியது. துருக்கிக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போனவர்களின் வழிவந்தோர் பல நூற்றாண்டுகள் வீட்டில் பழைய ஸ்பானிய மொழியையே பேசினார்கள். நாடு கைவிட்டது, அவர்கள் மொழியைக் கைவிடவில்லை.

ஒரே ஆலயத்துக்குத்தான் நேரம் என்றால், படிக்க விரும்புகிறவர்கள் திரான்சித்தோவுக்குப் போகட்டும். சும்மா உட்கார்ந்திருக்க விரும்புகிறவர்கள் பிளாங்காவுக்கு.

இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் வரைக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோவில் அரபு நூல்கள் குவிந்திருந்தன. கிறிஸ்தவ ஆட்சி வந்தபின் அவற்றை லத்தீனுக்குக் கொண்டுபோக ஐரோப்பா முழுவதிலுமிருந்து அறிஞர்கள் வந்தார்கள். வேலை நடந்த விதம் அழகானது: அரபி அறிந்த ஒருவர், பெரும்பாலும் யூதரோ அரபி பேசும் கிறிஸ்தவரோ, வரியைப் படித்து ஊர்ப் பேச்சுமொழியில் சொல்வார், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அதை லத்தீனில் எழுதுவார். இத்தாலியிலிருந்து, பழங்கால வானியலாளர் தாலமியின் நூலைத் தேடிவந்த கிரெமோனா ஜெரார்டு இங்கேயே தங்கி எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார். அவற்றுள் ஒன்று அல்-குவாரிஸ்மியின் இயற்கணிதம். இந்திய எண்களைப் பற்றி எழுதிய அதே அல்-குவாரிஸ்மிதான்.

கணிதத்தில் 'சைன்' படித்திருப்பீர்கள். ஆரியபட்டர் பயன்படுத்திய சொல் 'ஜ்யா', வில்லின் நாண். அரபியில் அதை ஒலிபெயர்த்து 'ஜ்ப்' என்று உயிரெழுத்தில்லாமல் எழுதினார்கள். லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'ஜைப்' என்று படித்து, உடையின் மடிப்பு என்று பொருள்கொண்டு, 'சைனஸ்' என்று எழுதிவிட்டார்கள். அந்த 'ஜைப்'தான் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சட்டை 'ஜேபி' ஆனது. ஒரே சொல் மேற்கே போய்க் கணிதமானது. கிழக்கே வந்து காசு வைக்கும் இடமானது.

இன்னொன்று, பஞ்சதந்திரம். கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகளை நாம் அறிவோம். அந்தக் கதைகள் பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் அரபியில் 'கலீலா, திம்னா' ஆயின. தொலேதோவில் பிறந்த அல்போன்சோ, பின்னாளில் 'அறிஞர்' என்று பெயர்பெற்ற அரசர், இளவரசராக இருந்தபோது 1251-இல் அவற்றைக் காஸ்டிலிய மொழியில், அதாவது அன்றைய ஸ்பானிய மொழியில், பெயர்க்கச் செய்தார். பாட்டி சொன்ன நரிக்கதை இந்த மண்ணுக்கும் வந்திருக்கிறது என்பதை அந்தத் தெருக்களில் நடக்கும்போது நினைத்துப் பாருங்கள். எனக்கு ஊர் சட்டென்று அந்நியமாக இல்லாமல் போனது அப்போதுதான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டாம். ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறிக் குழம்பு என்று பெயர் இருந்தாலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். சாலட் என்றால் மேலே சூரை மீன் இருக்கும். 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்' என்று சொல்லுங்கள்: இறைச்சி, உப்பிட்ட பன்றித்தொடை, சூரை மூன்றும் வேண்டாம் என்று பொருள். 'பிஸ்தோ மான்செகோ' நம் நாக்குக்கு ஏற்றது. கத்தரி, குடைமிளகாய், தக்காளி, சுரைபோன்ற சுக்கினி எல்லாம் ஆலிவ் எண்ணெயில் வதங்கி மசிந்திருக்கும். மேலே பொரித்த முட்டை வைப்பார்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். செம்மறியாட்டுப் பாலில் செய்த மான்செகோ பாலாடைக்கட்டியும் ரொட்டியும் எங்கேயும் கிடைக்கும்.

அசைவர்கள் 'கார்காமூசாஸ்' கேளுங்கள். தக்காளியில் பட்டாணியோடு வெந்த பன்றி இறைச்சி, இந்த ஊரின் பண்டம். மதிய உணவு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், நான்கு மணிக்குச் சமையலறை மூடிவிடும். பன்னிரண்டு மணிக்குப் பசிக்கிறவர்கள் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்கலாம்?

மசபான். பாதாமையும் சர்க்கரையையும் அரைத்துப் பிசைந்து பிறை, மீன், விலாங்கு என்று உருவம் பிடித்து மேலே லேசாகச் சுட்டு எடுப்பது. நம் பாதாம் கேக்கின் தூரத்துச் சொந்தம், ஆனால் நெய் இல்லை. சில வகைகளில் முட்டை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வராத கன்னியர் மடங்கள் சிலவற்றிலும் விற்கிறார்கள். சுவரில் சுழலும் மரப்பெட்டியில் காசை வைத்தால், உள்ளிருந்து ஒரு கை அதைச் சுழற்றும். மசபான் பெட்டி நம் பக்கம் வரும். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

வாள்கள் கடைதோறும் தொங்கும். தொலேதோ எஃகின் புகழ் உண்மையானது. கடை வாசலில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை அலங்காரப் பொருட்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் முடியாது. அதைவிட, எஃகில் தங்கக் கம்பி பதித்த 'தமாஸ்கினாதோ' வாங்குங்கள், ஆனால் கையால் செய்ததா என்று பார்த்து. ஒரு பட்டறையில் முதியவர் ஒருவர் வேலை செய்வதை வாசலில் நின்று பார்த்தோம். எஃகுத் தகட்டின் மேல் கூரிய கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் கீறினார். தலைமுடி போன்ற தங்கக் கம்பியை விரல் நுனியால் வளைத்து அதன் மேல் படுக்கவைத்து, சிறு சுத்தியலால் தட்டினார். கீறல்களின் பற்கள் தங்கத்தைக் கவ்விக்கொண்டன. பின்னர் எஃகைக் கருக்க வைப்பார்கள். தங்கம் மட்டும் பளிச்சென்று நிற்கும். அச்சில் அடித்த மலிவுப் பதிப்பில் கோடுகள் எல்லாம் ஒரே சீராக இருக்கும். கைவேலையில் ஒரு சுருள் இன்னொரு சுருள்போல் இராது. நான் வாங்கியது ஒரு சிறு காதணி ஜோடி. இரண்டும் அச்சாக ஒன்றல்ல, அதனால்தான் வாங்கினேன்.

என்ன செருப்பு?

பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட மூடிய காலணி. உருளைக்கற்கள் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். சக்கரப் பெட்டியை மாட்ரிட் நிலையத்தின் பெட்டகத்தில் விட்டுவிட்டு வாருங்கள்.

நண்பர்கள் குழுவாகப் போகும்போது சண்டை வராமல் இருக்க என்ன வழி?

மூன்று பயணங்களில் நாங்கள் கற்றுக்கொண்டது: பிரிந்து போங்கள். காலையில் கதீட்ரலைச் சேர்ந்து பாருங்கள். மதியம் சேர்ந்து சாப்பிடுங்கள். நடுவில் ஒன்றரை மணி நேரம் அவரவர் வழி. ஓவியம் பிடித்தவர் ஓவியத்துக்கு, கடை பிடித்தவர் கடைக்கு, கால் வலிக்கிறவர் சொகோதோவேர் மைதானத்து நாற்காலிக்கு. சந்திக்கும் இடம் மைதானமாகவே இருக்கட்டும். எந்தச் சந்தில் தொலைந்தாலும் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொன்னால் கைகாட்டிவிடுவார்கள். காசுக்கு ஒரு பொதுப் பை; காலையில் எல்லாரும் ஒரே தொகை போட்டு, டிக்கெட்டும் சாப்பாடும் அதிலிருந்து. 'நான் காப்பிதானே குடித்தேன்' என்ற கணக்கு அன்று வேண்டாம்.

ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் எங்கிருந்து பார்க்கலாம்?

ஆற்றுக்கு எதிர்க்கரையில் மிரதோர் தெல் வாயே என்ற மேடு. டாக்சியில் நான்கு பேராகப் போனால் செலவு கைக்கு அடக்கம். மைதானத்திலிருந்து சுற்றுலா வண்டியும் போகிறது. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அல்காசார் கோட்டையின் நான்கு மூலைக் கோபுரங்கள், ஒரு பக்கம் கதீட்ரலின் ஒற்றைக் கோபுரம், கீழே பச்சையும் பழுப்புமாக வளைந்தோடும் தாஹோ. சூரியன் இறங்கும் நேரத்தில் கல் எல்லாம் தேன் நிறமாகும். போட்டோவை முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு கைபேசியைப் பையில் போடுங்கள்.

இரவு தங்குவதா, திரும்புவதா?

முடிந்தால் தங்குங்கள். முடியாவிட்டாலும் ஐந்து மணிக்குக் கிளம்பாதீர்கள். சுற்றுலாப் பஸ்கள் போனபின், ஆறு ஏழு மணிக்கு, ஊர் தன் சொந்தக்காரர்களிடம் திரும்புகிறது. கதீட்ரல் தெருவில் பாட்டிமார் காய்கறிப் பையோடு போகிறார்கள். பள்ளிப் பையன்கள் தேவாலயச் சுவரில் பந்தடிக்கிறார்கள். மடத்து மணி ஒலிக்கிறது. பகல் முழுவதும் நாம் இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்த சந்தில் நம் காலடி ஓசை நமக்கே கேட்கும்.

அதனால் கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலில் டிக்கெட் எடுங்கள். அதைத் தவறவிட்டாலும் இன்னொன்று இருக்கும், அதற்குப் புது டிக்கெட் வாங்க வேண்டியிருந்தாலும். ரயில் நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பு மைதானத்திலிருந்து இறங்கத் தொடங்குங்கள். காலையில் ஏறிய அதே அல்காந்தாரா பாலத்தின் வழியாகவே இறங்கி, நடுவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இருட்டில் ஆறு தெரியாது. கீழே பழைய அணைக்கட்டின் மேல் தண்ணீர் விழுந்து ஓடும் ஓசை மட்டும் கேட்கும்.